கோர்ட்டில் குழந்தைக்குத் துணையாக நிற்கலாமா? ஏற்காட்டு ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே ‘காசா’ என்ற அமைப்பில் சேர்ந்து, பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருக்கும் ஒரு சிறுவனுக்காக நீதிபதி முன்னால் பேசுகிறாள். வக்கீலுக்குப் படிக்காத அவளால் முடிகிறது. ஆயுசு முழுக்கப் பிள்ளைகளோடு இருந்த என்னால் இங்கே முடியாதா? சேலத்தில் இதற்கு யாரைப் பார்க்க வேண்டும்? “இந்த வயசுல போலீஸ், கோர்ட்டுன்னு எதுக்கு அலையணும், வேண்டாத வேலை” என்கிறார் என் கணவர். வருடம் விட்டு வருடம் ஆறு மாதம் மகளிடம் போய் வருவோம், மற்றபடி எனக்கு வேறு பொறுப்பு இல்லை. இன்னொன்று, என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது பத்தாம் வகுப்பு, பொங்கலுக்குப் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லையாம். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் ஆசை.

பதில்:

டீச்சர், நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை அடுத்த மாதம் பேசினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அந்தப் பெண் விஷயம் அப்படியில்லை. கடிதத்தில் அவள் பெயர், ஊர், அப்பா வேலை செய்யும் எஸ்டேட் எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவற்றை எடுத்துவிட்டுத்தான் மேலே பிரசுரித்திருக்கிறேன். இனிமேல் யாருக்கு எழுதினாலும் நீங்களே எடுத்துவிட்டு எழுதுங்கள். குழந்தையின் அடையாளம் பத்திரிகையில் வந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் அது குற்றம்.

பத்தாம் வகுப்பு என்றால் பதினைந்து பதினாறு வயது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். கல்யாணம் நடந்துவிடும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளையை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் தடை உத்தரவும் போடலாம். அந்த உத்தரவை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது.

போன் போட்டதும் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலர்கள் போய்ப் பார்ப்பார்கள். “பதினெட்டு முடியாம செய்ய மாட்டோம்” என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். திருமணம் தடுத்து நிறுத்தம் என்று பேப்பரில் நாலு வரி வரும். இரண்டு மாதம் கழித்து, வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் ஒரு கோயிலில் பத்துப் பேரை வைத்து அதே கல்யாணம் நடந்து முடிந்திருக்கும். இது சேலம், தருமபுரிப் பக்கத்தில் இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் பார்த்ததுதான். ஆகவே போனுக்குப் பிந்திய வேலைதான் பெரிது. பள்ளிக்கு வருகிறாளா, ஹால் டிக்கெட் கைக்கு வந்ததா, பொதுத் தேர்வைத் தவறவிட்டால் துணைத் தேர்வுக்கு யார் பணம் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கைவந்த விஷயங்கள். எந்த அடையாள அட்டையும் இல்லாமலே இதைச் செய்யலாம். அந்த அம்மாவிடம் நீங்கள் போய் உட்கார்ந்து பேசுவதற்கு இருக்கும் மரியாதை, ஜீப்பில் வந்து இறங்கும் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

இனி உங்கள் மகள் செய்யும் வேலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் அது 1977இல் சியாட்டில் நகரத்தில் தொடங்கியது. டேவிட் சூகப் என்ற நீதிபதி, ஒரு குழந்தையைப் பெற்றவர்களிடம் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் தன் முன்னால் இருக்கும் காகிதங்கள் போதவில்லை என்று நினைத்தார். ஊர்க்காரர்களிலிருந்தே ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கு ஒரு குழந்தை என்று ஒப்படைத்தார். இப்போது அங்கே சேருகிறவர்களுக்கு ஏறத்தாழ 30 மணி நேரம் பயிற்சி உண்டு. குழந்தையைத் தவறாமல் போய்ப் பார்த்து, வகுப்பு ஆசிரியர், மருத்துவர், வளர்ப்புக் குடும்பம் எல்லோரிடமும் விசாரித்து, இந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுத்தில் பரிந்துரை கொடுக்க வேண்டும். நீதிபதியும் அதைக் கேட்டுக்கொள்கிறார்.

அந்த நாற்காலி இங்கே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள்தான் இரண்டாவது வாய்தாவிலேயே மனம் விட்டுப்போகிறார்கள்.

இங்கே குழந்தைக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் இடம் கோர்ட் அல்ல, குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். கறுப்பு அங்கியும் கூண்டும் இல்லாத அறைதான், ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கைவிடப்பட்ட பிள்ளை, வெள்ளிப் பட்டறையிலிருந்து மீட்ட பிள்ளை, வீட்டை விட்டு ஓடிவந்து சேலம் ஜங்ஷனில் நின்ற பிள்ளை என்று யாராக இருந்தாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவர்கள் முன்னால் கொண்டுபோக வேண்டும். 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை, நான்கு மாதத்தில் இறுதி உத்தரவு என்பது சட்டம் சொல்லும் கணக்கு. விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வழக்கு மட்டும்தான் போக்சோ சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். நீங்கள் தேடும் வேலைக்குக் கிட்டத்தில் வருவது அங்கே இருக்கிறது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் ‘சப்போர்ட் பெர்சன்’ என்று ஒருவரைச் சொல்கின்றன. தமிழில் ஆதரவு நபர் என்பார்கள். குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் குழந்தைகள் நலக் குழு அவரை நியமிக்கும். புலன்விசாரணை தொடங்கி தீர்ப்பு வரைக்கும் அவர் குழந்தையோடு இருக்க வேண்டும். குழந்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்த விதிகளில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உங்களை ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், அனுபவமுள்ள தலைமையாசிரியைக்கு மனசு சுருக்கென்றுதான் இருக்கும். அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த நியமனம் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பில் கண்டிப்பாகச் சொன்னது. அதன் பிறகு வந்த மாதிரி வழிகாட்டுதலில் தகுதியும் வரையறுத்திருக்கிறார்கள். சமூகப்பணி, உளவியல் போன்ற பாடங்களில் முதுகலை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பட்டமும், குழந்தைகள் கல்வியிலோ பாதுகாப்பிலோ மூன்று வருட அனுபவமும் வேண்டும். உங்களுக்கு அனுபவம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. மதிப்பூதியமும் உண்டு, அது வந்து சேரும் வேகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

கோர்ட் நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சம்மனில் காலை 10.30 என்று இருக்கும். மலையிலிருந்து குழந்தையும் அம்மாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து, இருபது ஊசிமுனை வளைவும் இறங்கி, அந்தப் பிள்ளை கோரிமேட்டில் வாந்தி எடுத்து, அஸ்தம்பட்டியில் வந்து இறங்கும். அம்மாவுக்கு அன்றைய கூலி போயிற்று. வராந்தாவில் எதிர்த்தரப்பு ஆட்கள் நிற்பார்கள். அதட்டக்கூட வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாலே போதும், பிள்ளைக்குச் சோறு இறங்காது. கேஸைக் கூப்பிட மூன்று மணி ஆகலாம். அதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று வாய்தா விழலாம்.

அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்? முந்தின நாளே அரசு வழக்கறிஞரின் குமாஸ்தாவிடம் கேஸ் நாளைக்கு நிச்சயம் எடுக்கிறார்களா என்று கேட்டு வைப்பீர்கள். வந்ததும் பிள்ளையை வராந்தாவிலிருந்து நகர்த்தித் தனி அறையில் உட்கார வைக்கச் சொல்லி பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்பீர்கள். போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு, சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்கிறது. திரை போட்டிருக்கிறார்களா என்று உள்ளே போய் ஒரு பார்வை பார்ப்பீர்கள். நீதிபதி அடிக்கடி இடைவேளை விடலாம் என்று 33ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை, நீதிபதியைப் பார்த்து “ஒண்ணுக்குப் போகணும்” என்று எப்படிச் சொல்லும்? காதைத் தொட்டால் உங்களுக்குப் புரியும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், நீங்கள் எழுந்து நின்று கேட்டுவிடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்பதைக் குழந்தைக்கு முதலிலேயே சொல்லியிருப்பீர்கள். அம்மாவுக்கு பஸ் காசு, சாப்பாட்டுச் செலவுக்கு உடனடி நிவாரணம் கொடுக்கச் சொல்லி நலக் குழு பரிந்துரைக்கலாம், ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று விதி இருப்பதை ஞாபகப்படுத்தி மனு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அன்றைக்கு முழுவதும் நீதிபதி முன்னால் உங்கள் வாயிலிருந்து வருவது ஒன்றிரண்டு வாக்கியம்தான்.

இதில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உங்களைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்கும், டீச்சர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லப் பார்க்கும். வகுப்பில் “தெரியாது” என்பது தப்பான பதில். சாட்சிக் கூண்டில் தெரியாததற்கு அதுதான் சரியான பதில். “ஞாபகம் இல்லைன்னா ஞாபகம் இல்லைன்னு சொல்லு கண்ணு, யாரும் திட்ட மாட்டாங்க” என்று பல தடவை சொல்லித்தான் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். உடம்பு உறுப்புகளுக்கு அந்தப் பிள்ளை வீட்டில் என்ன சொல் சொல்கிறதோ அதையே சொல்லட்டும், பாடப்புத்தகத் தமிழுக்குத் திருத்திவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் “இந்த வார்த்தையை உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?” என்றுதான் முதல் கேள்வியே வரும்.

நடந்ததைக் கிளறிக் கேட்கவும் வேண்டாம். போலீஸிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை, மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தடவை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நீங்களும் கேட்டு, அது உங்களிடம் புதிதாக ஒன்றைச் சொன்னால், உங்களையே சாட்சியாக அழைக்கலாம். அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

நல்லவர்களே தடுமாறும் ஒரு வகை வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களை அனுப்புவது சரியாக இருக்காது. மேலே சொன்ன கல்யாணம் நடந்துவிடுகிறது என்று வையுங்கள். ஆறு மாதத்தில் அந்தப் பெண் கர்ப்பமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். வயது பதினாறு. டாக்டர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவில் அது கட்டாயம், கொடுக்காவிட்டால் தண்டனை. தாலி கட்டியிருக்கிறது என்பது தப்பிக்க வழியாகாது என்று 2017இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையனைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள். உங்களை அந்தப் பெண்ணுக்கு ஆதரவு நபராகப் போடுகிறார்கள். முதல் சந்திப்பில் அவள் உங்களிடம் கேட்கப்போவது நியாயம் கிடைக்குமா என்றல்ல. “அவர எப்ப விடுவாங்க டீச்சர்?” என்றுதான் கேட்பாள். போன் போட்டுச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவள் கண்ணில் நீங்களும் அந்தக் கட்சிதான்.

உங்கள் மகளாக இருந்தால் எது அந்தப் பெண்ணுக்கு நல்லது என்று தன் கருத்தை எழுதுவாள். நீங்கள் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவளுக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம், அவள் சார்பில் சமாதானம் பேசவும் வேண்டாம். ஜாமீன் மனு எப்போது வருகிறது, அவள் சாட்சி என்றைக்கு, பொய் சொன்னால் என்ன ஆகும், சொல்லாமல் இருக்க முடியுமா, குழந்தை பிறந்தால் பெயர் யார் போடுவது, திரும்பப் படிக்க வழி உண்டா என்று அவள் கேட்பதற்கெல்லாம் உண்மையான பதில் சொல்ல வேண்டும். தெரியாததை அரசு வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். அவள் என்ன விரும்புகிறாள் என்பதை, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அவள் வார்த்தையிலேயே மாதாந்தர அறிக்கையில் எழுத வேண்டும். முடிவெடுப்பது நலக் குழுவும் நீதிபதியும். “நான் இவ்வளவு செய்தும் அவள் மாறவில்லை” என்று கோபம் வரும். அந்தக் கோபத்தை அவளிடம் காட்டாமல் அடுத்த வாய்தாவுக்கும் வந்து நிற்பதுதான் நீங்கள் கேட்ட வேலை.

ஊர் சமாதானம் பற்றியும் ஒரு வார்த்தை. மலைக் கிராமங்களில் ஊர்க் கவுண்டர் முன்னிலையில் பேசி முடிப்பது பல விஷயங்களுக்கு நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. போக்சோ வழக்கு மட்டும் அப்படி முடிகிற வழக்கில்லை. “நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்” என்று இரண்டு பக்கமும் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். டீ கொடுங்கள், வழக்கைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அலைச்சல் உண்டு. ஆனால் போலீஸ் உங்களை விசாரிக்கப் போவதில்லை. எழுத்தில் நியமன உத்தரவோடுதான் போவீர்கள். யாராவது மிரட்டினால் அன்றைக்கே நலக் குழுவுக்கும் புலன்விசாரணை அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் கணவருக்கு வேறு ஒரு சங்கடம்தான் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் வீடு திரும்பி, “இன்னிக்கு என்ன ஆச்சு?” என்று அவர் கேட்டால் நீங்கள் சொல்லக் கூடாது. ரகசியம் காப்பது உங்களுக்குச் சட்டக் கடமை, வீட்டுக்காரர் அதற்கு விலக்கில்லை. இதை முதலிலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.

அந்த ஆறு மாதப் பயணம்தான் எனக்கு உறுத்துகிறது. போக்சோ வழக்கை எடுத்துக்கொண்டால், குற்றத்தை நீதிமன்றம் கவனத்தில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம், ஒரு வருடத்துக்குள் தீர்ப்பு என்பது 35ஆம் பிரிவு. நடப்பில் அது இழுக்கும். நீங்கள் டெக்சாஸில் இருக்கும்போது சம்மன் வந்தால் அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாத ஒருவரோடு படி ஏற வேண்டும். ஏற்கெனவே பெரியவர்கள் ஏமாற்றிய பிள்ளை அது. அதனால் பயணம் உறுதி என்றால், இந்த முறை ஆதரவு நபர் வேலைக்குப் பெயர் கொடுக்காதீர்கள். நான் இதில் கறாராகவே இருப்பேன்.

அதற்குப் பதில், போவதற்கு முன்னால் இருக்கும் மாதங்களுக்கு வேறு வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பி.எல்.வி. என்று சொல்லும் சட்டத் தன்னார்வலர்களை எடுக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் எடுக்கலாம் என்று அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்பது மலையில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்? 15100 என்ற சட்ட உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு குழந்தையை வீட்டோடு வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரும் மிஷன் வாத்சல்யா திட்டம் இருக்கிறது. அதற்கு வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுக்க ஆள் இல்லாமலே பல பாட்டிகள் பேரப் பிள்ளைகளை விடுதியில் விட்டுவிடுகிறார்கள். இதில் ஆறு மாதம் நீங்கள் இல்லாவிட்டாலும் எந்தப் பிள்ளையும் ஏமாறாது. அலுவலகம் எப்படி நடக்கிறது, யார் எந்த மேசை என்பதும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் இது. அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை, காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூட நடக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

திரும்பி வந்த பிறகு, அடுத்த பயணம் வரை ஒன்றரை வருடம் கையில் இருக்கும். அப்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். ஆதரவு நபர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்பு ஆசிரியர்கள் பெயர்ப் பதிவேடு அவர்களிடம்தான் இருக்க வேண்டும். பட்டச் சான்று, பி.எட். சான்று, பணி அனுபவச் சான்று, ஆதார் நகல், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், குழந்தையின் பக்கத்தில் உட்காரப் போகிற யாரையும் சரிபார்க்காமல் விடக் கூடாது. விண்ணப்பத்தில் ஒரே நேரத்தில் ஒரு வழக்குதான் எடுப்பேன் என்றும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஊரில் இருப்பேன் என்றும் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.